சடங்கு நாளில் ஒரு சரவெடி

சரவெடி வெடித்தபோது நான் எங்கள் வீட்டுப் பின்னறையில், பச்சை ஓலைத் தடுப்புக்குள், முகம் முழுக்க மஞ்சளோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது.

முதல் வெடிக்கே அம்மா கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அத்தை சுவரோடு சாய்ந்துகொண்டாள். வேறு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு இருவரும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடியிருப்பார்கள். தாய்மாமன் சீர் கொண்டு வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அன்று யாரும் ஓடவில்லை. "படுபாவி, கொளுத்திட்டானே" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். கூடப்பிறந்த தம்பியை அவள் அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை.

அதற்கு மூன்று மணி நேரம் முன்னால் கொழும்பில் ஒரு தலைவரைக் கூட்டத்தில் குண்டு வைத்துக் கொன்றிருந்தார்கள். கண்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாமாவுக்கு மட்டும் தெரியாது.

எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அவர் நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் வாதாடப் போய்விடுவீர்கள், நான் சொல்ல வந்தது நின்றுவிடும். நம் நாட்டில் அப்படிச் செத்தவர்கள் ஒருவர் இருவரா என்ன? மனதில் வருகிற யாரையாவது வைத்துக்கொண்டு படியுங்கள்.

தாய்மாமன்தான் ராஜா

என் மகள் பெரியவளானபோது சடங்கு வேண்டவே வேண்டாம் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். இப்போது நாங்கள் இருக்கும் குண்டசாலையில் அக்கம்பக்கத்தாருக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவள் என்னிடம், "ஒங்களுக்குச் செஞ்சாங்களாம்மா? நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். இந்த வாரம் இந்தப் பத்தியில் எழுதுவது அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

எங்கள் ஆட்களில் பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமன்தான் ராஜா. பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கும் குடிசைக்கு ஓலை கொண்டு வருவது அவர். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது உடுத்தும் முதல் சேலை அவருடையது. தட்டுத் தட்டாகப் பழம், பலகாரம், வளையல், பூ என்று அவர் சீர் கொண்டு வந்து இறக்காமல் ஒன்றும் நடக்காது.

கருப்பையா மாமா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டியவர். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். சாப்பாட்டு நேரத்தில் உப்பு கேட்டாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எங்கே சீர் கொண்டு போனாலும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டுத்தான் தட்டைத் தூக்கச் சொல்வார். டவுனில் பிறந்து வளர்ந்த அத்தைக்கு இது பிடிக்காது. அப்பாவின் அக்கா அல்லவா? "தோட்டத்துப் பழக்கம்" என்று உதட்டைச் சுழிப்பாள். மாமா காதில் விழும்படிதான் சொல்வாள். அவரும் அடுத்த தடவை இன்னும் நீளமான சரமாகப் பார்த்து வாங்கி வருவார்.

எனக்கு அந்தச் சத்தம் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்? என்னோடு படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று மாமாவிடம் நானேதான் சொல்லியிருந்தேன். "ஊரையே எழுப்பிடுறேன் தாயி" என்று ஓலை கட்ட வந்த அன்றைக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

அடுத்த வீடு

அப்போது நாங்கள் இருந்தது கண்டி டவுனில் கட்டுக்கலை. எங்கள் ஒழுங்கை ஒரு சின்னச் சந்து, அதற்கு இரண்டு வாய். கீழ்வாய் பெரிய வீதியில் திறக்கும், மேல்வாய் மலைப்பக்கத்து வீதியில். எங்கள் வீட்டுக்கும் சோமா அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் தையல் மெஷின் ஓடினால் எங்கள் அலுமாரியில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுக்கும்.

சோமா அக்கா சிங்களவர். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தாய் தகப்பன் இல்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துத் தம்பி நிமலைத் தனியாளாக வளர்த்தவர். "மல்லி, மல்லி" என்று தம்பியை அவர் கூப்பிடும் குரல் நாள் முழுக்கக் கேட்கும். சிங்களத்தில் தம்பிக்கு அதுதான் சொல். எங்களையெல்லாம் "துவ" என்பார், மகளே என்று அர்த்தம்.

நிமலுக்கு அந்தத் தலைவர் என்றால் உயிர். தேர்தல் காலத்தில் பசை வாளியோடு திரிவான். எங்கள் மதிலிலும் அவர் படத்தை ஒட்டிவிட்டுப் போனான். கிழிக்க அப்பாவுக்குத் தைரியம் இல்லை. மழையில் அதுவாக உரியும் வரைக்கும் அந்தத் தலைவர் எங்கள் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டே நின்றார்.

என் சடங்குக்கு முந்தின நாள் கலர் பல்பு கட்டியது அவன்தான். ஏணியில் நின்றபடி, நாளைக்குத் தலைவரின் கூட்டத்துக்குக் கொழும்பு போகிறேன், பஸ் பிடித்திருக்கிறார்கள், பாயாசம் எடுத்து வையுங்கள் என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு ஓலைக்குள் கேட்டது. "வராட்டி ஒனக்கு நட்டம்" என்றாள் அம்மா.

வடை வாசனை

ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் மாலை நான்கு மணி. பகலில் சமையல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ரேடியோவில் பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த வாத்தியம் வந்தது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், பெரிய ஆள் யாராவது செத்தால் மட்டும் போடும் வாத்தியம் அது.

கொன்றது யார் என்று ரேடியோ சொல்லவில்லை. சொல்லாமலே ஊர் முடிவு கட்டிவிட்டது. தமிழர்கள்தான் செய்திருப்பார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. அப்புறம் எந்தத் தமிழன் என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? பழைய கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தது. அதை நான் போன மாதம் எழுதியிருந்தேன்.

அப்பா ஓடி வந்து வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களை இரண்டு கையாலும் பிடுங்கினார். லவுட்ஸ்பீக்கரைக் கழற்றினார். பிறகு குசினிக்குள் போய் வடைச் சட்டியை இறக்கச் சொன்னார். வாசனை வெளியே போகக்கூடாதாம். தலைவர் செத்த நாளில் தமிழன் வீட்டில் வடை சுடுகிறான் என்று ஒருவன் சொன்னால் போதுமே. வடை வாசனைகூடக் குற்றமான நாள் அது.

நான் அந்தத் தலைவருக்காக அழவில்லை. என் சடங்கு நின்றுபோனதே என்றுதான் அழுதேன். பதின்மூன்று வயதில் அவ்வளவுதான் புத்தி. பிறகுதான் அம்மா, "ஐயையோ, தம்பி வருவானே" என்றாள்.

தோட்டத்தில் போன் கிடையாது. மாமா காலையிலேயே ஒரு வேனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அப்பா ஒழுங்கையின் கீழ்வாயில் போய் நின்றுகொண்டார். வேன் வந்ததும் வெடியைப் பிடுங்கிவிடலாம் என்று கணக்கு. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்.

வேன் கலஹாவுக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சராகி நின்றிருக்கிறது. ஆளில்லாத வளைவு, ரேடியோ இல்லாத வேன். டவுனுக்குள் வந்தால் பெரிய வீதியைப் பொலிஸ் மறித்திருந்தது. தலதா மாளிகைப் பக்கம் ஏதோ பெரஹரா ஊர்வலம் போலிருக்கிறது என்று நினைத்து மாமா மலைப்பக்கமாகச் சுற்றி மேல்வாய்க்கு வந்துவிட்டார். நேரம் போய்விட்டதே என்ற அவசரத்தில், மூடிக் கிடந்த கடைகளைக்கூடக் கவனிக்காமல், எனக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்.

வெடி முடிந்ததும் ஆள் ஓடும் சத்தம். தட்டுகள் விழும் சத்தம். மாமாவின் குரல் ஒரே ஒரு தடவை பெரிதாகக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நாலைந்து பேர் அடித்திருக்கிறார்கள். ரோந்து ஜீப் வந்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. ஜீப் வந்திராவிட்டால் அங்கேயே முடித்திருப்பார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

வெள்ளைத் துணி

அப்பா பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சடங்குக்காகக் கொளுத்திய வெடி என்று எவ்வளவோ சொல்லியும் இன்ஸ்பெக்டர் நம்பவில்லையாம். இன்றைக்குப் பிடிபட்டவன் எல்லாம் கல்யாணம், சடங்கு என்றுதான் சொல்கிறான், அப்படியானால் அந்தப் பெண்பிள்ளையைக் கொண்டு வந்து காட்டு என்றாராம். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் விடாவிட்டால் இராத்திரிக்குள் வேறு எங்கேயாவது கொண்டு போய்விடுவார்கள். அப்படிக் கொண்டு போகப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அத்தை குறுக்கே நின்றாள். தண்ணீர் ஊற்றாத பிள்ளையைத் தெருவில் இறக்குவதா, தீட்டு, கண்பட்டுவிடும், அதுவும் பொலிஸ்காரர்கள் முன்னால் என்றாள். அம்மா அழுதாள். பிள்ளையா தம்பியா என்று அவளைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

அந்த நேரத்தில்தான் சோமா அக்கா பின்கதவால் வந்தார். தலைமுடி கலைந்திருந்தது. கடைகள் மூடுவதற்குள் கடைக்குக் கடை ஏறி இறங்கிக் கொழும்புக்குப் போன் போட்டுப் பார்த்தாராம், லைன் கிடைக்கவில்லை. நிமல் போன பஸ்ஸைப் பற்றிப் பொலிஸில் விசாரிக்கப் போகிறேன், பிள்ளையை நானே கூட்டிப் போகிறேன் என்றார். கையில் ஒரு வெள்ளைத் துணி. அவர்கள் வழக்கத்திலும் பெரியவளான பிள்ளையை வெளியே கொண்டு வரும்போது வெள்ளைத் துணியால் தலையோடு மூடித்தான் கொண்டு வருவார்களாம். என் தலையில் போட்டு, நாடிவரை இழுத்து விட்டார்.

"துவ, பயப்பட வேணாம். நான் கைய விட மாட்டேன்."

விடவில்லை. ஒழுங்கையில் நடக்கும்போது துணிக்குக் கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய ரப்பர் செருப்பும், தார் ரோட்டில் சிதறிக் கிடந்த சிவப்பு வெடித்தாளும், மிதிபட்ட வாழைப்பழங்களும்தான். யாரோ எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கத்தினார்கள். அவர் அதற்கும் மேலே கத்தினார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அப்பா பின்னால் வந்தார்.

கதிரை

இன்ஸ்பெக்டர் களைத்துப்போயிருந்தார். துணியை எடுக்கச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. இவர்கள் சொல்வது உண்மையா என்று என்னையே கேட்டார். பள்ளியில் படித்த சிங்களம் எனக்குப் போதும், கேள்வி நன்றாகப் புரிந்தது. ஆனால் சுற்றிலும் ஆண்கள், துப்பாக்கிகள். நான் பெரியவளாகிவிட்டேன் என்று அவர்களிடம் என் வாயால் எப்படிச் சொல்வேன்? என் ஊமைத்தனத்தால் மாமா செத்துப்போவார் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

சோமா அக்கா என்னைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ஐயா, இந்தப் பிள்ளையை இதுக்கு மேல கேக்க வேணாம். என் தம்பி அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கான். இந்த மனுசன் சந்தோசத்துல வெடி கொளுத்தியிருந்தா, முதல் அடி நான்தான் அடிச்சிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு மாமாவைக் கொண்டு வரச் சொன்னார். பிறகுதான் தம்பியின் பெயரைக் கேட்டார். சோமா அக்கா சொன்னார். ஊர், வயது, போன பஸ், போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் சொன்னார். மேசையில் ஒரு தாள் இருந்தது, கொழும்பிலிருந்து போனில் கேட்டு அவசரமாக எழுதிய பெயர்கள். இன்ஸ்பெக்டர் அதை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சோமா அக்கா பக்கம் நகர்த்தினார்.

பொலிஸ்காரர் எழுந்து கதிரை கொடுத்தால் என்ன அர்த்தம் என்று சின்னப்பிள்ளை எனக்கே விளங்கியது. சோமா அக்கா உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கையால் என் கையை இறுக்கினார். விரல் நொந்தது, நான் இழுக்கவில்லை.

மாமாவைக் கொண்டு வந்தார்கள். உதடு வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. சோமா அக்கா அவரைப் பார்த்து, "அண்ணே, நடக்க ஏலுமா?" என்று தமிழில் கேட்டார். தன் தம்பி செத்துவிட்டான் என்று தெரிந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு ஆறுதலை என் வாழ்நாளில் யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா குழந்தை மாதிரி அழுதார். சோமா அக்கா அழவில்லை. ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று எங்களை அவசரப்படுத்தினார்.

ஊரடங்கு தளர்ந்ததும் நிமலைக் கொண்டு வரக் கொழும்புக்குப் போக ஒரு வாகனமும் கிடைக்கவில்லை. மாமா அதே வேனை எடுத்தார். அப்பா காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். வீங்கிய கண்ணோடு ஒரு தமிழன் கொழும்பு ரோட்டில் போவது விளையாட்டா? "அந்தப் புள்ள எனக்காக நின்னுச்சுல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சோமா அக்கா முன் கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவருக்காகப் பேசினாராம். பெட்டியோடு திரும்பினார்கள். நாங்கள் எல்லாரும் அடக்கத்துக்குப் போனோம். அங்கேயும் சோமா அக்கா கல்லாகத்தான் இருந்தார்.

இரண்டாவது நாள் குறித்தபோது

அந்த மாதமே ஐயர் வேறு நாள் குறித்தார். வெடி இல்லை, லவுட்ஸ்பீக்கர் இல்லை. வீட்டு ஆட்கள் மட்டும்.

இங்கேதான் நான் எழுதக் கூசுகிற இடம். சோமா அக்காவை நாங்கள் கூப்பிடவில்லை.

சாவு வீட்டுப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவது, பிள்ளைக்கு ஆகாது என்றாள் அத்தை. நன்றி மறக்கச் சொல்லவில்லை, இன்னொரு நாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா செய்தித்தாளை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். அம்மா வெற்றிலையைத் துடைத்து அடுக்கினாள். கூப்பிடச் சொல்ல எனக்கு விருப்பம் இருந்தது, வாய்தான் வழக்கம்போல வரவில்லை.

தண்ணீர் ஊற்றினார்கள். மாமா தந்த மெரூன் நிறச் சேலையைக் கட்டிவிட்டார்கள். மாமா சுற்றுமுற்றும் பார்த்து, "அவுங்க எங்க?" என்று கேட்டார். அத்தை சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு அவர் பந்தியில் உட்காரவே இல்லை. சத்தம் போடாத கருப்பையா மாமாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடவில்லை. நாங்கள் இருப்பது அவருக்கும், அவர் இருப்பது எங்களுக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் வீடு அது.

பந்தி முடிந்ததும் அம்மா ஒரு தட்டில் சோறு, கறி, பாயாசம் எல்லாம் எடுத்து வைத்து மூடினாள். அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். தட்டை என் கையில் கொடுத்தாள்.

நான் முன் வாசலால் போய்க் கதவைத் தட்டினேன். சோமா அக்கா திறந்தார். மெலிந்துபோயிருந்தார். என் சேலையை, பூவை, வளையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் ஒரு நொடி மலர்ந்தது. கையை மட்டும் வெளியே நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.

"உள்ளுக்கு வர வேணாம் துவ. இது சாவு வீடு. இன்னைக்கு ஒனக்கு நல்ல நாள்."

அத்தை சொன்ன அதே காரணம். அத்தை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இவரே சொன்னபோது கோபப்பட ஆள் இல்லை. அவர் கதவைச் சாத்தப் போனார்.

நான் படியைத் தாண்டி உள்ளே போனேன். முன்னறையில் நிமலின் படம், அதன் முன்னால் ஒரு சின்ன விளக்கு, மூடிக் கிடந்த தையல் மெஷின். தரையில் உட்கார்ந்தேன். புதுச்சேலை கசங்கியது. அவர் தட்டை மெஷின் மேல் வைத்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் முகத்தை வைத்து, "மல்லி" என்று அழ ஆரம்பித்தார். அடக்கத்தன்றுகூட அழாதவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்னைக் காணவில்லை என்று அம்மா தேடி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் வீட்டிலிருந்து அத்தை அவளைக் கூப்பிடுவது கேட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவும் உள்ளே வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தாள்.